அடுக்கில் அமர்ந்த அறியா எண்: மடக்கை தீர்த்தவையும் தீர்க்காதவையும்

ஆண்டுக்கு 20 விழுக்காடு கூட்டு வட்டிக்கு விட்ட பணம் எத்தனை ஆண்டில் இரட்டிக்கும்? பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறது. அது கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. இன்றைய குறியீட்டில் எழுதினால் 1.2^ய = 2. இங்கே ய என்பது தேடும் எண். கூரைக்குறிக்குப் பின் வருவது அடுக்கு.

பழக்கமான சமன்பாடுகளில் அறியா எண்ணைக் கூட்டுவோம், பெருக்குவோம், வர்க்கப்படுத்துவோம். அடுக்குச் சமன்பாட்டில் அது ஓர் எண்ணை எத்தனை முறை பெருக்குவது என்ற இடத்தில் அமர்ந்திருக்கிறது. அங்கிருந்து அதைக் கீழே இறக்குவது எப்படி என்பதே கேள்வி. ‘இருபுறமும் மடக்கை எடு’ என்பது பள்ளிப் பாடம் தரும் விடை. விடை சரிதான். ஆனால் அந்த ஒரு வரிக்கு முன்னே மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட முயற்சிகள் இருக்கின்றன. பின்னே இன்றும் மூடப்படாத கேள்விகள் இருக்கின்றன. இக்கேள்விக்கு வந்த முக்கிய விடைகளையும், அவை தோன்றிய சூழலையும், ஒவ்வொன்றும் தடுமாறும் இடத்தையும் இக்கட்டுரை வரிசைப்படுத்திப் பார்க்கிறது.

மடக்கைக்கு முந்திய விடைகள்

பாபிலோனியக் கணக்கர் கையாண்ட வழி எளியது. மூன்றாம் ஆண்டு முடிவில் பணம் 1.728 மடங்கு, நான்காம் ஆண்டு முடிவில் 2.0736 மடங்கு. இரட்டிப்பு இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ நிகழ்கிறது. அந்த ஓராண்டுக்குள் பணம் ஒரே சீராக ஏறுவதாக வைத்துக்கொண்டு அவர் கண்ட விடை, நான்கு ஆண்டில் இரண்டரை மாதத்துக்குச் சற்று மேல் குறைவு, அதாவது 3.787 ஆண்டு. மடக்கை தரும் மதிப்பு 3.802. வேறுபாடு ஐந்தாறு நாள்தான். இன்று இடைச்செருகல் என்று பாடநூல் சொல்லும் முறை இதுவே. இதன் குறையும் தெளிவு: வளைந்து ஏறும் கோட்டை நேர்கோடாக எண்ணுவதால் விடை எப்போதும் சற்று முந்திவிடும். எவ்வளவு முந்துகிறது என்பதை முறையே சொல்லாது.

இந்தியாவில் சமண மரபு வேறொரு திசையில் சென்றது. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவராகக் கருதப்படும் வீரசேனர், ‘தவளா’ என்ற உரைநூலில் ‘அர்த்தச்சேதம்’ என்ற கருத்தை ஆள்கிறார். ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்ற எண்ணிக்கையே அது. 32இன் அர்த்தச்சேதம் 5. இன்றைய மொழியில் 2ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை. மூன்றால், நான்கால் பிரிக்கும் எண்ணிக்கைகளுக்கும் தனிப் பெயர்கள் இருந்தன. இரண்டு எண்களைப் பெருக்கினால் அவற்றின் அர்த்தச்சேதங்கள் கூடும் என்ற விதியும் அங்கே உண்டு. இதை மடக்கையின் கண்டுபிடிப்பு என்றே சிலர் கொண்டாடுவர். அவ்வளவு தூரம் போவது மிகையாகலாம். 32க்கும் 64க்கும் நடுவிலுள்ள எண்களுக்கு இது கணக்கிடும் கருவியாக வளரவில்லை. ஆனால் பெருக்கல் கூட்டலாக மாறுகிறது என்ற உயிர்நாடி அங்கே பிடிபட்டுவிட்டது என்பதில் ஐயமில்லை.

ஐரோப்பிய வணிகக் கணிதம் ஒரு குறுக்குவழியைத் தந்தது. 72ஐ வட்டி விழுக்காட்டால் வகுத்தால் இரட்டிக்கும் ஆண்டு கிடைக்கும் என்ற விதி, 1494இல் அச்சான லூகா பச்சோலியின் நூலில் இருக்கிறது. 8 விழுக்காட்டுக்கு இது 9 ஆண்டு என்கிறது. சரியான மதிப்பு 9.006. பாபிலோனியரின் 20 விழுக்காட்டுக்கோ 3.6 என்று சொல்லி, அந்தப் பழைய பலகையிடமே தோற்றுவிடுகிறது. விதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை அறியவே மடக்கை வேண்டியிருக்கிறது.

இரண்டு வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது நான்காவது வழி. மேல்வரிசையில் 0, 1, 2, 3, 4. கீழ்வரிசையில் 1, 2, 4, 8, 16. கீழே பெருக்க, மேலே கூட்டினால் போதும். 1544இல் வெளியான தம் நூலில் மைக்கேல் ஸ்டீஃபல் இந்த ஒப்புமையை விரித்து, மேல்வரிசையைப் பூஜ்யத்துக்குக் கீழே எதிர்ம எண்களுக்கும் நீட்டினார். ஆனால் கீழ்வரிசையில் எண்கள் விலகிக்கொண்டே போகின்றன. 8க்கும் 16க்கும் நடுவிலுள்ள 10 எங்கே நிற்கும்? ஸ்டீஃபலின் பட்டியலில் அதற்கு இடமில்லை.

பெருக்கலுக்காகப் பிறந்த கருவி

அந்த இடைவெளியை நிரப்பியவர் ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர். ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்புக்குப் பின் 1614இல் அவருடைய அட்டவணை வெளியானது. அடுக்கில் உள்ள எண்ணைத் தேடி அவர் புறப்படவில்லை. வானியலாளர்கள் ஏழெட்டு இலக்கச் சைன் மதிப்புகளைப் பெருக்கியும் வகுத்தும் களைத்துக் கிடந்த காலம் அது. அந்த வேலையைக் கூட்டலும் கழித்தலுமாகக் குறைப்பதே நோக்கம். அவர் வரையறையில் அடுக்கு என்ற சொல்லே கிடையாது. இரண்டு புள்ளிகள் நகர்கின்றன: ஒன்று ஒரே வேகத்தில், மற்றது முடிவிடத்தை நெருங்க நெருங்க, எஞ்சிய தொலைவுக்கு ஏற்ப வேகம் தணிந்து. இரண்டாவதற்கு எஞ்சிய தொலைவின் மடக்கை, முதலாவது கடந்த தொலைவு. சுவிட்சர்லாந்தில் பிறந்த யோஸ்ட் பியூர்கி தனியாகவே இதற்கு இணையான அட்டவணையை அமைத்து 1620இல் வெளியிட்டார்.

இலண்டனிலிருந்து ஹென்றி பிரிக்ஸ் 1615இல் எடின்பரோ சென்று நேப்பியரைச் சந்தித்தார். 1இன் மடக்கை பூஜ்யமாகவும், 10ஐ அடிமானமாகவும் கொண்டால் கணக்கு எளிதாகும் என்ற உடன்பாடு அங்கே உருவானது. பிரிக்ஸ் 10இன் வர்க்கமூலத்தை, அதன் வர்க்கமூலத்தை என்று 54 முறை எடுத்து, 1624இல் 14 தசம இடங்களுடன் அட்டவணை தந்தார். அதில் 20,000க்கும் 90,000க்கும் நடுவே விடுபட்டிருந்தவற்றை 1628இல் டச்சுக்காரர் ஆட்ரியான் விளாக் 10 இடங்களுடன் நிரப்பினார்.

நம் கேள்விக்கு இதனால் விளைந்த பயன் பெரிது. 5^ய = 12 என்பதற்கு 5ஐ அடிமானமாகக் கொண்ட தனி அட்டவணை தேவையில்லை. 12இன் மடக்கை 1.07918, 5இன் மடக்கை 0.69897. முதலதை இரண்டாவதால் வகுத்தால் 1.5440. எந்த அடிமானத்தில் கேட்டாலும் ஒரே அட்டவணை போதும். வேறொரு பாரத்தைச் சுமக்கச் செய்த கருவி, தேடாமலே இந்தப் பூட்டுக்கும் சாவியானது.

அட்டவணை முறையின் பலவீனம் அச்சிட்ட இலக்கங்களின் எல்லை. நான்கு இலக்க அட்டவணை நான்கு இலக்க நம்பகத்தைத் தாண்ட முடியாது. 1972இல் மடக்கை விசையுடன் கைக்கு அடக்கமான எச்.பி.-35 கணிப்பான் வந்தபின், தேர்வறைக்கு மடக்கை அட்டவணை கொண்டுபோன தலைமுறைகளின் வழக்கம் மெல்ல மறைந்துவந்தது. பெருக்கல் கருவி என்ற வகையில் மடக்கையின் காலம் முடிந்தது. சமன்பாடு தீர்க்கும் கருவி என்ற வகையில் முடியவில்லை.

மடக்கை என்பது என்ன: மூன்று வரையறைகள்

கணக்கிடத் தெரிந்தபின்னும், கணக்கிடப்படுவது என்ன என்பதில் மூன்று பார்வைகள் போட்டியிட்டன. நேப்பியரின் நகரும் புள்ளிகள் முதலாவது. உள்ளுணர்வுக்கு நெருக்கமானது, ஆனால் இயற்கணிதத்தோடு எளிதில் ஒட்டாது.

இரண்டாவது பரப்பு. அதிபரவளையக் கோட்டின் கீழ் அமையும் பரப்பில் ஒரு தனிக் குணம் இருப்பதை 1647இல் கிரெகரி சேன் வின்சென்ட் வெளியிட்டார்: கிடைத் தொலைவுகள் பெருக்கு விகிதத்தில் வளர்ந்தால் பரப்புகள் சம அளவாகக் கூடுகின்றன. இது மடக்கையின் குணமே என்று 1649இல் அல்போன்ஸ் த சரசா எடுத்துக்காட்டினார். 1668இல் நிக்கோலஸ் மெர்க்கேட்டர் அந்தப் பரப்பை முடிவிலாத் தொடராக எழுதியதும், வர்க்கமூலம் எடுத்து எடுத்துக் களைக்காமல் மடக்கை கணிக்க வழி திறந்தது.

மூன்றாவது, இன்று வகுப்பறையில் நிலைத்துவிட்ட ஆய்லரின் பார்வை. 1748இல் வெளியான தம் பகுப்பாய்வு நூலில் அவர் அடுக்குச் சார்பை முதலில் வைத்து, மடக்கையை அதன் நேர்மாறாக வரையறுத்தார். ஒரு மக்கள்தொகை ஆண்டுதோறும் நூற்றில் ஒரு பங்கு பெருகினால் பத்து மடங்காக எத்தனை ஆண்டு ஆகும் என்ற கணக்கும் அந்நூலில் உண்டு. விடை ஏறக்குறைய 231 ஆண்டு. அடுக்கில் உள்ள எண்ணைத் தேடுவதும் மடக்கையும் ஒன்றே என்பது இந்த வரையறையால்தான் வெளிப்படையாகிறது.

இதற்கும் விமரிசனம் உண்டு. 2^3 என்றால் மூன்று முறை பெருக்கல். 2^1.5 என்றால் மூலம் எடுத்துப் பொருள் சொல்லலாம். அடுக்கில் விகிதமுறா எண் வந்தால்? பெருக்கும் முறைகளின் எண்ணிக்கை என்ற பொருள் அங்கே அற்றுப்போகிறது. எல்லை என்ற கருத்து இல்லாமல் அதை மீட்க முடியாது. பள்ளிப் பாடம் இந்த இடத்தைப் பேசாமல் தாண்டுகிறது என்று 1908இல் ஃபெலிக்ஸ் க்ளைன் குறைகண்டு, அதிபரவளையப் பரப்பிலிருந்தே மடக்கையைத் தொடங்கலாம் என்று பரிந்துரைத்தார். தர்க்கத்தில் அவர் வழி தூய்மையானது. ஆனால் நுண்கணிதம் தெரியாத மாணவருக்கு அது எட்டாது. தெளிவா, எளிமையா என்ற இந்த இழுபறி இன்னும் தீர்ந்ததாகத் தெரியவில்லை.

வகுப்பறை முறையின் வலிமையும் வழுக்கலும்

பாடநூல் சமன்பாடுகள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும். இருபுறமும் ஒரே அடிமானத்துக்கு வருபவை முதல் வகை: 4^ய = 8 என்றால் இரண்டையும் 2இன் அடுக்காக்கி ய = 3/2 என்று சொல்லிவிடலாம்; மடக்கையே வேண்டாம். 5^ய = 12 போன்றவை இரண்டாம் வகை. இருபுறமும் அறியா எண் இருப்பவை மூன்றாம் வகை: 3^(ய+1) = 2^(2ய−1). மடக்கை எடுத்ததும் இது சாதாரண ஒருபடிச் சமன்பாடாகி ய = 6.228 என்று முடிகிறது. நான்காம் வகையில் இருபடிச் சமன்பாடு மறைந்திருக்கும்: 4^ய − 2^ய − 6 = 0 என்பதில் 2^ய ஐ ஒரே எண்ணாகக் கொண்டால் அதன் மதிப்பு 3 அல்லது −2. முதலதிலிருந்து ய = 1.585. இரண்டாவதை, மெய்யெண் அடுக்கு எதுவும் எதிர்ம மதிப்புத் தராது என்பதால் தள்ளிவிடுகிறோம்.

இவற்றில் மாணவர் வழுக்கும் இடங்கள் இரண்டு. 12இன் மடக்கையை 5இன் மடக்கையால் வகுப்பதும், 12/5இன் மடக்கையை எடுப்பதும் ஒன்றென எண்ணுவது முதல் வழுக்கல், பின்னது 0.3802, முன்னது 1.5440. கூட்டுத்தொகையின் மடக்கையைத் தனித்தனி மடக்கைகளின் கூட்டுத்தொகையாகப் பிரிப்பது இரண்டாவது. முதலாவதைக் கவனக்குறைவு எனலாம். இரண்டாவதில் மடக்கையின் இயல்பான எல்லையே வெளிப்படுகிறது. மடக்கை பெருக்கலைக் கூட்டலாக்கும். கூட்டலை எதுவாகவும் ஆக்கித் தராது. மேற்சொன்ன நான்கு வகைகளும் தீர்வதற்குக் காரணம் அவற்றில் பெருக்கல் மட்டும் இருப்பது, அல்லது கூட்டல் இருந்தாலும் அதை முதலில் வேறு வழியில் அகற்ற முடிவது.

நடைமுறையில் இன்னொரு கவனமும் தேவை. கரிமம்-14இன் அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டு. ஒரு மரத்துண்டில் தொடக்க அளவில் 30 விழுக்காடு எஞ்சியிருந்தால், மடக்கை சொல்லும் வயது ஏறக்குறைய 9,950 ஆண்டு. எஞ்சியது 29 விழுக்காடு என அளந்திருந்தால் வயது சுமார் 280 ஆண்டு கூடிவிடும். சமன்பாட்டைப் பத்து தசம இடங்களுக்குத் தீர்க்கலாம். அந்தத் துல்லியம் அளவீட்டில் இல்லாதபோது விடைக்கும் இல்லை.

எதிர்ம எண்ணுக்கு மடக்கை உண்டா?

தள்ளிவிட்ட −2 ஒரு காலத்தில் பெரும் விவாதத்துக்குரியதாக இருந்தது. 1712–13இல் லைப்னிட்ஸும் யோகான் பெர்னூலியும் கடிதங்களில் இதைப் பற்றி வாதிட்டனர். எதிர்ம எண்ணின் மடக்கை மெய்யெண்ணாக இருக்க முடியாது என்றார் லைப்னிட்ஸ். எதிர்ம எண்ணுக்கும் அதன் நேர்ம இணைக்கும் மடக்கை ஒன்றே என்றார் பெர்னூலி. இரண்டின் வர்க்கமும் ஒன்றாயிருப்பதால் மடக்கையின் இருமடங்கும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும் என்பது அவர் தரப்பின் வாதம். இரு தரப்பும் ஒரு மறைமுக நம்பிக்கையைப் பகிர்ந்துகொண்டன: ஓர் எண்ணுக்கு மடக்கை ஒன்றே.

1749ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆய்லர் அந்த நம்பிக்கையையே எடுத்துவிட்டார். கலப்பெண்களின் உலகில் ஒவ்வோர் எண்ணுக்கும் முடிவிலா மடக்கைகள் உண்டு. நேர்ம எண்ணுக்கு அவற்றில் ஒன்று மட்டும் மெய்யெண். ஆகவே 2^ய = −2 என்பதற்கு விடை இல்லை என்பதும், முடிவிலா விடைகள் உண்டு என்பதும் ஒருசேர உண்மை. எந்த எண் உலகில் நின்று கேட்கிறோம் என்பதே வேறுபாடு.

கூட்டல் குறுக்கிடும்போது

2^ய + 3^ய = 10. பார்வைக்கு எளிய இச்சமன்பாட்டில் மடக்கை எடுத்தும் பயனில்லை. இடப்பக்கத்தின் கூட்டல் அப்படியே நிற்கிறது. விடை இருப்பது உறுதி: 1 இட்டால் 5, 2 இட்டால் 13, இடப்பக்கம் இடைவிடாது ஏறுவதால் நடுவே ஒரே இடத்தில் 10 ஆகும். நியூட்டன்–ராப்சன் முறை அதை 1.7293 என்று சில படிகளில் தந்துவிடும். ஆனால் விடையைப் பழகிய சார்புகளால் எழுத அறியப்பட்ட சூத்திரம் இல்லை.

அறியா எண் அடுக்கிலும் தரையிலும் ஒருங்கே நிற்பது இன்னொரு நிலை: ய × 2^ய = 10. இதற்கும் மடக்கை தனித்துப் போதாது. 1758இல் யோகான் லாம்பர்ட் தொடங்கி ஆய்லர் தொடர்ந்த ஆய்வுகளில் இதற்கான சார்பின் வேர் இருக்கிறது. 1996இல் டொனால்ட் நூத் உள்ளிட்ட ஐவர் எழுதிய கட்டுரை அதை ‘லாம்பர்ட் டபிள்யூ’ என்ற பெயரில் நிலைநிறுத்தியது. அதைக் கொண்டு ய = 2.1906 என்று எழுதலாம். 2^ய = ய² என்பதற்கு 2, 4 என்ற தெளிவான விடைகளோடு −0.7667க்கு அருகே மூன்றாவது ஒன்றும் ஒளிந்திருப்பதை இச்சார்பு வெளிக்கொணர்கிறது.

இது உண்மையான தீர்வா, பெயர் சூட்டலா என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அதே கேள்வியை மடக்கையிடமும் கேட்கலாம். 5^ய = 12 என்பதன் விடையை ‘5ஐ அடிமானமாகக் கொண்ட 12இன் மடக்கை’ என்பதும் ஒரு பெயர்தானே? ஒரு பெயர் தீர்வாக மதிக்கப்படுவது, அதற்குரிய விதிகளும் மதிப்புகளும் பரவலாகத் தெரிந்திருக்கும்போது. மடக்கைக்கு நான்கு நூற்றாண்டுப் பழக்கம் அந்தத் தகுதியைத் தந்தது. லாம்பர்ட் சார்பு அதே பாதையில் பாதி தூரம் வந்திருக்கிறது எனலாம்.

விடை எத்தகைய எண்?

1.5440 என்று எழுதியது தோராயம். துல்லியமான எண் எத்தகையது? அது பின்னமல்ல என்பதை எளிதில் காட்டலாம்: பின்னமாயிருந்தால் 5இன் ஒரு முழு அடுக்கு 12இன் ஒரு முழு அடுக்குக்குச் சமமாக வேண்டும், 5ஐ மட்டுமே காரணியாகக் கொண்ட எண்ணில் 2உம் 3உம் காரணிகளாக வர முடியாது.

அப்படியானால் 2இன் வர்க்கமூலத்தைப் போல ஏதேனும் பல்லுறுப்புக்கோவைச் சமன்பாட்டின் மூலமாக இருக்குமா? ஹில்பர்ட் 1900இல் முன்வைத்த ஏழாவது கணக்கு இதையொட்டியது. 1934இல் கெல்ஃபாண்டும் ஷ்னைடரும் தனித்தனியே விடை கண்டனர். அவர்கள் தேற்றத்தின்படி, நாம் தேடும் எண் பின்னமாக இல்லாவிட்டால், முழு எண் கெழுக்கள் கொண்ட எந்தப் பல்லுறுப்புக்கோவைச் சமன்பாட்டுக்கும் அது மூலமாகாது. அத்தகைய எண்ணை விஞ்சிய எண் என்பர். எத்தனை மூலக்குறி அடுக்கினாலும் அதை எழுத முடியாது. ‘மடக்கை 12 வகுத்தல் மடக்கை 5’ என்பதைவிடச் சுருக்கமான, துல்லியமான இயற்கணித விடையைத் தேடுவது வீண் என்பதற்கு இதுவே ஆதாரம். மடக்கை என்ற புதுச் சொல் வசதிக்காக மட்டும் வந்ததல்ல. தவிர்க்க முடியாமல் வந்தது.

முழு எண்களில் கேட்டால்

அறியா எண்கள் முழு எண்களாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கேள்வியின் முகத்தை மாற்றுகிறது. 1343இல் லெவி பென் கெர்சோன், 2இன் அடுக்கும் 3இன் அடுக்கும் ஒன்றால் மட்டும் வேறுபடும் இணைகள் (1, 2), (2, 3), (3, 4), (8, 9) மட்டுமே என்று நிறுவினார். 8உம் 9உம் தவிர ஒன்றால் வேறுபடும் முழு அடுக்குகள் (அடுக்கு 2 அல்லது அதற்கு மேல் உள்ளவை) வேறில்லை என்று 1844இல் காட்டலான் ஊகித்தார். 2002இல் ப்ரெடா மிஹைலெஸ்கு அதை நிறுவினார். 2இன் அடுக்கிலிருந்து 7ஐக் கழித்தால் எப்போது முழு வர்க்கம் வரும் என்று 1913இல் இராமானுஜன் கேட்டார். அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆகும்போது மட்டும் என்ற அவர் கூற்றை 1948இல் நாகெல் நிறுவினார்.

இத்துறையில் தமிழ்நாட்டுக்கு இன்னொரு பெயர் உண்டு: குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எஸ். எஸ். பிள்ளை. பொதுக்காரணி இல்லாத இரண்டு எண்களை அடிமானங்களாக நிறுத்திவைத்தால், அவற்றின் அடுக்குகளின் வேறுபாடாகப் போதிய அளவு பெரிய எண் ஒன்று ஒரு முறைக்கு மேல் வராது என்று 1936இல் அவர் காட்டினார். பின்னர் ஒரு பொதுவான ஊகத்தையும் முன்வைத்தார்: எந்த எண்ணை எடுத்தாலும், இரண்டு முழு அடுக்குகளின் வேறுபாடாக அது முடிவுள்ள தடவைகளே வரும். 1950இல் அமெரிக்காவில் நடக்கவிருந்த பன்னாட்டுக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்டவர், வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். வேறுபாடு 1 என்ற ஒரே நிலையில் மட்டும் அந்த ஊகம் நிறுவப்பட்டிருக்கிறது. 2 என்ற வேறுபாட்டுக்குக்கூட நிறுவல் இல்லை.

இக்களத்துக்கு மடக்கை திரும்பி வந்த விதம் கவனிக்கத்தக்கது. இரண்டு பெரிய அடுக்குகளின் வேறுபாடு சிறியதென்றால், அவற்றின் மடக்கைகள் ஒன்றையொன்று மிக மிக நெருங்க வேண்டும். மடக்கைகள் அந்த அளவுக்கு நெருங்க முடியாது என்று எல்லை கட்டிய ஆலன் பேக்கரின் 1960களின் தேற்றங்கள், 1970இல் அவருக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றுத் தந்தன. அவற்றைக் கொண்டே 1976இல் டைடெமான், காட்டலான் கணக்குக்கு முடிவுள்ள விடைகளே உண்டு என்று காட்டினார். எனினும் இம்முறை தரும் எல்லைகள் எண்ணிப் பார்க்கவியலாத அளவு பெரியவை. ‘இதற்கு மேல் விடை இல்லை’ என்பது நடைமுறையில் தேடலை எப்போதும் முடித்துவைப்பதில்லை.

வரிசை குலைந்த உலகில்

17ஆல் வகுத்த மீதிகளை மட்டும் எண்களாகக் கொண்டு 3இன் அடுக்குகளை எழுதிப் பார்க்கலாம்: 3, 9, 10, 13, 5, 15, 11, 16, 14, 8, 7, 4, 12, 2, 6, 1. ‘எந்த அடுக்கில் 13 வரும்?’ என்றால் விடை 4. ஆனால் இங்கே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. 13இன் அக்கம்பக்கத்தில் தேடினால் எந்தக் குறிப்பும் கிடைக்காது. பாபிலோனியரின் ‘நடுவே எங்கோ’ என்ற யோசனை இங்கே செல்லாது. காஸ் 1801இல் இந்த அடுக்கெண்களுக்கு அட்டவணை தந்திருந்தார். இன்று இதைத் தனித்த மடக்கை என்பர்.

நூற்றுக்கணக்கான இலக்கம் கொண்ட பகா எண்ணை எடுத்தால், அடுக்கைக் கொடுத்து மீதி காண்பது கணினிக்கு நொடிப்பொழுது வேலை. மீதியைக் கொடுத்து அடுக்கைக் காண்பது அறியப்பட்ட முறைகளால் நடைமுறையில் இயலாதது. இந்த ஏற்றத்தாழ்வையே 1976இல் டிஃபியும் ஹெல்மனும் இரகசியத் தொடர்புக்கு அடித்தளமாக்கினர். அக்கணக்கு கடினம் என்பது அனுபவம் சொல்வது, நிறுவப்பட்ட உண்மையல்ல. போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி இருந்தால் விரைவில் தீர்க்கலாம் என்று 1994இல் பீட்டர் ஷோர் காட்டிவிட்டார்.

எஞ்சி நிற்பவை

இந்த விடைகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒரு கோடு தென்படுகிறது. அடுக்குகள் தமக்குள் பெருக்கலால் மட்டும் உறவு கொண்டிருக்கும் வரை மடக்கை முழு விடை தருகிறது; அந்த விடையைவிடச் சிறந்த இயற்கணித விடை இல்லை என்பதும் நிறுவப்பட்டுவிட்டது. அடுக்குகளைக் கூட்டவோ கழிக்கவோ தொடங்கும் இடத்தில் மடக்கையின் நேரடி ஆட்சி முடிகிறது. 2^ய + 3^ய = 10 முதல் பிள்ளையின் ஊகம் வரை, தொல்லை தருபவை எல்லாம் கூட்டலும் அடுக்கும் கலந்தவையே. மீதிகளின் உலகில் தொல்லை வேறு வகையானது. அங்கே குலைந்தது எண்களின் வரிசை.

இக்கலப்பின் ஆழத்தைத் தர்க்கவியலும் தொட்டிருக்கிறது. மெய்யெண்களில் கூட்டலும் பெருக்கலும் மட்டும் கொண்ட எந்தக் கூற்றையும் உண்மையா பொய்யா என்று தீர்மானிக்கும் முறை ஒன்றை ஆல்பிரட் டார்ஸ்கி தந்தார். அடுக்குச் சார்பையும் சேர்த்தால் அத்தகைய முறை உண்டா என்று அவர் எழுப்பிய வினாவுக்கு, விஞ்சிய எண்கள் பற்றிய ஷானுவெலின் ஊகம் உண்மையாயின் உண்டு என்று 1996இல் மெக்கின்டயரும் வில்கியும் காட்டினர். அந்த ஊகம் இன்னும் நிறுவப்படவில்லை.

ஆகவே பள்ளிப் பாடத்தின் ‘இருபுறமும் மடக்கை எடு’ என்ற கட்டளையோடு ஒரு வரியைச் சேர்த்துக் கற்பிப்பது நல்லது: இருபுறமும் பெருக்கலாக இருந்தால். அந்த நிபந்தனை மாணவரைப் பிழையிலிருந்து காக்கும். கணிதம் எங்கே உறுதியாக நிற்கிறது, எங்கே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது என்பதன் எல்லைக்கல்லையும் காட்டும். வட்டிக்கு விட்ட பணம் எப்போது இரட்டிக்கும் என்பதை இன்று விரும்பிய துல்லியத்துக்குச் சொல்லலாம். இரண்டு முழு அடுக்குகள் 2 என்ற வேறுபாட்டில் எத்தனை முறை சந்திக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை.